எந்தக் கல்லிலிருந்து அளந்தீர்கள்?

(செஞ்சிப் பக்கம் தொண்டூரில் விவசாயத் தொழிலாளர்களும் மில் தொழிலாளர்களும் கலந்துகொண்ட படிப்பு வகுப்பில், முழுநேர ஊழியர் ஒருவர் பேசியதன் சுருக்கம்.)



சென்ற வகுப்பில் பூமி சுழல்வதைப் பற்றிப் பேசினோம். கூட்டம் கலையும் நேரத்தில், பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த ஒரு வயதான அம்மா என்னை நிறுத்திக் கேட்டார்: "தம்பி, பூமியே சுத்துதுன்னு சொல்லிட்ட. பூமியே சுத்தும்போது சர்வே கல்லு மட்டும் எப்படிப்பா ஒரே எடத்துல நிக்கும்?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்த அம்மாவுக்கு உள்ள சொத்து மூன்று சென்ட் வீட்டுமனை. பக்கத்துக் கொல்லைக்காரரின் வேலி வருஷத்துக்கு ஒரு முழம் உள்ளே வருகிறது. கேட்டால், "கல் எங்கே இருந்ததென்று யாருக்குத் தெரியும்?" என்கிறாராம். அவருக்கு இது விளையாட்டுக் கேள்வி அல்ல. உலகத்திலே பெரிய விஞ்ஞானிகளும் இதே கேள்வியைத்தான் பல நூறு வருஷங்களாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். ஆகவே இன்று அதையே எடுத்துக்கொள்வோம்.

நகர்வது யார்?

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் பஸ்ஸில் வந்திருக்கிறீர்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் ரோட்டோரத்து மரங்கள் பின்னால் ஓடுகின்றன. தூரத்து மலையோ நம் கூடவே வருவதுபோல் இருக்கிறது. கண்டக்டர் டிக்கெட் போட்டுக்கொண்டு பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் போகிறார். "அவர் எவ்வளவு தூரம் போனார்?" என்று பஸ்ஸில் இருப்பவரைக் கேளுங்கள். "இருபது அடி" என்பார். ரோட்டில் நிற்பவரைக் கேளுங்கள். "அரைப் பர்லாங்கு" என்பார். யார் சொல்வது பொய்? இருவர் சொல்வதும் மெய்தான். ஒருவர் பஸ்ஸிலிருந்து அளந்தார். மற்றவர் ரோட்டிலிருந்து அளந்தார். எதிலிருந்து அளந்தோம் என்பதைச் சொல்ல மறந்ததால்தான் சண்டை வருகிறது.

இதை நம் நாட்டில் கி.பி. 499-லேயே ஆரியபட்டர் எழுதினார். படகில் போகிறவனுக்குக் கரையில் நிற்கும் பொருள்கள் பின்னால் போவதுபோல் தெரிவதை எடுத்துக்காட்டி, நட்சத்திரங்கள் மேற்கே போவதுபோல் தெரிவதும் பூமி சுழல்வதால்தான் என்றார். அதை எல்லோரும் ஏற்கவில்லை. 628-ல் நூல் எழுதிய பிரம்மகுப்தர் பெரிய கணித மேதை, அவரே மறுத்தார். பூமி சுழன்றால் உயரமான பொருள்கள் ஏன் கீழே விழவில்லை என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். அதற்குத் தெளிவான பதிலை 1632-ல் இத்தாலியின் கலீலியோ கொடுத்தார். ஒரு கப்பலின் உள் அறையில், ஜன்னல் இல்லாமல் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். மேலே தொங்கும் பாத்திரத்திலிருந்து நீர் சொட்டுகிறது. கப்பல் நின்றாலும் சரி, அலை இல்லாத கடலில் ஒரே சீராக ஓடினாலும் சரி, சொட்டு நேர் கீழே உள்ள பாத்திரத்திலேயே விழும். ஏன்? சொட்டும் கப்பலோடு சேர்ந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருந்துகொண்டு, கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

நாமும் அப்படித்தான். இந்த அட்சரேகையில் பூமியின் சுழற்சி நம்மை வினாடிக்குச் சுமார் 450 மீட்டர் கிழக்கே கொண்டுபோகிறது. பூமி சூரியனைச் சுற்றி வினாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் ஓடுகிறது. இந்த ஒரு மணி நேர வகுப்பு முடிவதற்குள் நாம் எல்லோரும், பாயோடும் பந்தலோடும், ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் போயிருப்போம். யார் தலையிலிருந்தும் துண்டு பறக்கவில்லை.

ஆணி எங்கே?

"அப்படியானால் எல்லாம் ஓடட்டும், ஓடாமல் நிற்கும் ஓர் ஆணி எங்கேயாவது இருக்குமே, அதைக் காட்டு" என்று கேட்கலாம். மனிதன் அந்த ஆணியைத் தேடித்தான் பார்த்தான்.

துருவ நட்சத்திரம் அசையாது என்றார்கள். நம் ஊரில் அது வடக்கே அடிவானத்துக்கு மேல் சுமார் 12 டிகிரி உயரத்தில் தெரியும். நுட்பமாக அளந்தால் அதுவும் தினம் ஒரு சிறு வட்டம் போடுகிறது. போதாததற்குப் பூமியின் அச்சே, ஓயப்போகும் பம்பரம்போல், சுமார் 26,000 வருஷத்துக்கு ஒரு முறை தலையைச் சுற்றுகிறது. இன்னும் சுமார் 12,000 வருஷம் போனால் வடக்கைக் காட்டும் வேலை அபிஜித் நட்சத்திரத்துக்குப் போய்விடும்.

சரி, சூரியன்? சூரியனும் தன் குடும்பத்தை இழுத்துக்கொண்டு பால்வீதியின் மையத்தைச் சுற்றி வினாடிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. பால்வீதியும் மற்றப் பால்வீதிகளுக்கு நடுவே நகர்கிறது.

பொருள்தான் நகர்கிறது, வெட்டவெளி நிற்குமே என்றார்கள். வெளி முழுதும் 'ஈதர்' என்ற அசையாத ஒன்று நிரம்பியிருப்பதாக நினைத்தார்கள். அதைப் பூமி கிழித்துக்கொண்டு போனால் எதிர்க்காற்று அடிக்கவேண்டுமல்லவா? 1887-ல் அமெரிக்காவில் மைக்கேல்சன், மோர்லி என்ற இருவர் ஒளிக்கதிரை இரண்டாகப் பிரித்து அந்தக் காற்றைத் தேடினார்கள். அகப்படவில்லை. 1905-ல் ஐன்ஸ்டீன், அப்படி ஒரு நிலையான வெளி நமக்குத் தேவையே இல்லை என்று காட்டினார். வேகம் என்றால் எப்போதும் ஏதோ ஒன்றைப் பார்த்துச் சொல்லும் வேகம்தான்.

இன்று இன்னொன்றும் தெரியும். பிரபஞ்சத்தின் இளமைக் காலத்து வெப்பத்தின் மிச்சம் எல்லாத் திசையிலிருந்தும் மெல்லிய கதிராக வருகிறது. அதை வைத்துச் சூரியன் வினாடிக்குச் சுமார் 370 கிலோமீட்டர் நகர்கிறது என்கிறார்கள். அதுவும் வெளியில் அடித்த ஆணி அல்ல. அந்தக் கதிரைப் பார்த்துச் சொன்ன கணக்கு. எல்லோருக்கும் பொதுவான, வசதியான ஒரு கல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லாம் ஒன்றைச் சார்ந்தது என்றால், எதையும் எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம் என்று அர்த்தமில்லை. சீரான ஓட்டம்தான் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. பிரேக் போட்டால் பஸ்ஸில் எல்லோரும் முன்னால் சாய்கிறோம். மில்லில் கதிர் சுழலும்போது அறுந்த நூல் வெளியே வீசப்படுகிறது. பூமி சுழல்வதையும் அப்படியே பிடித்தார்கள். 1851-ல் பாரிஸில் பூக்கோ என்பவர் 67 மீட்டர் நீளக் கம்பியில் 28 கிலோ குண்டைக் கட்டி ஆடவிட்டார். நேரம் போகப் போக, குண்டு ஆடும் திசை மெல்லத் திரும்புவதை ஜனங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். அடியில் தரை சுழன்றது! ஆக, நிலையான ஆணி இல்லை. ஆனால் உண்மை உண்டு.

பூஜ்யத்தை யார் வைத்தார்கள்?

ஆணி இல்லாத உலகத்தில் மனிதன் எப்படி வேலை செய்கிறான்? ஏதோ ஒரு கல்லை நட்டு, "இதிலிருந்து அளப்போம்" என்று ஒப்புக்கொள்கிறான்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் வானிலை நிலையத்து வளாகத்தில் 1792-ல் கம்பெனிக்காரர்கள் நிறுத்திய ஒரு கருங்கல் தூண் இருக்கிறது. வானத்தைப் பார்க்கும் கருவியைத் தாங்குவதற்காக நிறுத்தியது. அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். சென்னையின் தீர்க்கரேகையை அந்த இடத்தில்தான் கணித்தார்கள். ரயில்கள் சென்னை நேரப்படி ஓடின. 1906-ல் இந்திய நேரம் என்று ஒன்று வந்த பிறகு அந்தப் பெருமை போய்விட்டது.

திப்பு சுல்தான் 1799-ல் வீழ்ந்த பிறகு, கைப்பற்றிய நாட்டை அளக்கக் கம்பெனி புறப்பட்டது. 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோடு அளந்தார். 100 அடி எஃகுச் சங்கிலி. வெயில் ஏறினால் எஃகு நீளும். ஆகவே சங்கிலிக்கும் நிழல் கட்டி, வெப்பத்தைக் குறித்துக்கொண்டு அளந்தார்கள். பாருங்கள், அளவுகோலே நிலையானதல்ல! அந்தக் கோட்டை அடியாக வைத்து, குன்றுக்குக் குன்று பார்த்து முக்கோணம்மேல் முக்கோணமாகப் போட்டுக்கொண்டே போனார்கள். அந்த வேலை அவர் காலத்துக்குப் பிறகும் தொடர்ந்து இமயமலை வரை போயிற்று. எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டவர்களில் முக்கியமானவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி. அரை டன் எடையுள்ள கருவியைச் சுமந்தவர்கள், கொடி பிடித்தவர்கள், காட்டுக் காய்ச்சலில் செத்தவர்கள் நம் போன்ற கூலி ஆட்கள். சிகரத்தின் பெயரில் அதிகாரி நிற்கிறார். சுமந்தவர்கள் பெயர் எங்கேயும் இல்லை.

உலகத்துக்கே பூஜ்யக் கோடு எது? லண்டன் பக்கம் கிரீன்விச். அது இயற்கை போட்ட கோடா? இல்லை. 1884-ல் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடி ஓட்டெடுத்தன. 22 நாடுகள் ஆதரித்தன, ஒன்று எதிர்த்தது, பிரான்சும் பிரேஸிலும் நடுநிலை வகித்தன. கப்பல்களில் பெரும்பகுதி ஏற்கெனவே பிரிட்டிஷ் படங்களை வைத்து ஓடியதால் அந்தக் கோடு ஜெயித்தது. யார் கையில் வலிமை இருந்ததோ அவர்கள் வாசலில் பூஜ்யம் விழுந்தது. நம் அடிமை நாட்டுக்கு அங்கே ஓட்டு இல்லை. இன்று செயற்கைக்கோள் வைத்து அளந்தால், பூஜ்யம் அங்கே தரையில் பதித்த கோட்டுக்குச் சுமார் 100 மீட்டர் கிழக்கே விழுகிறது!

பூமியும் நகர்கிறது

இன்னும் ஒன்று கேளுங்கள். பூமியின் மேலோடு ஒரே பாளமல்ல; பல பாளங்கள். நாம் இருக்கும் இந்தியப் பாளம் வருஷத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்கே நகர்கிறது. லாம்டன் அளந்த நாளிலிருந்து இன்று வரை பத்து மீட்டருக்கு மேல் போய்விட்டோம். ஆஸ்திரேலியா இன்னும் வேகம்: வருஷத்துக்குச் சுமார் 7 சென்டிமீட்டர். அந்த நாட்டில் 1994-ம் வருஷக் கணக்கில் இருந்த நாட்டுப் படத்தை 2020-ம் வருஷக் கணக்குக்கு மாற்றியபோது எல்லா இடத்தின் எண்ணையும் சுமார் 1.8 மீட்டர் தள்ளிப் போட வேண்டியிருந்தது.

அதனால் அங்கே யாருடைய வீடாவது பக்கத்து வீட்டுக்காரனுக்குப் போயிற்றா? போகவில்லை. வீடும் வேலியும் தெருவும் சேர்ந்தே நகர்ந்தன. மில்லில் ரிங் பிரேம் ஊன்றும் ஃபிட்டர் ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார். பூமி 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறதே என்று அவர் கவலைப்படுவதில்லை. தரைக்கும் மெஷினுக்கும், ஒரு கதிருக்கும் அடுத்த கதிருக்கும் உள்ள இடைவெளிதான் அவருக்குக் கணக்கு. எல்லாம் சேர்ந்து ஓடினால் இடைவெளி மாறாது. சேர்ந்து ஓடாதபோதுதான் தொல்லை. 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் அந்தமான் தீவுகள் சில மீட்டர் இடம் பெயர்ந்தன. அங்கே புதிதாக அளக்க வேண்டியதாயிற்று.

மாமாவின் கொல்லை

இனி என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். நான் ஆறாவது படித்த சமயம். எங்கள் மாமாவுக்கு அரை ஏக்கர் மணிலாக் கொல்லை. பக்கத்தில் பெரிய பண்ணைக்காரர். ஒரு கோடையில் மாமா கரும்பு வெட்டப் போய்விட்டுத் திரும்பினால், எல்லைக்கல் உள்ளே வந்திருக்கிறது. "கல் நிற்கிற இடம்தான் எல்லை" என்றார் பண்ணைக்காரர். அளக்க வந்தவர் அந்தக் கல்லிலேயே சங்கிலியை வைத்து அளந்தார். கணக்கு பண்ணைக்காரருக்குச் சரியாக வந்தது. வராமல் எப்படி இருக்கும்? நகர்த்திய கல்லிலிருந்தல்லவா அளந்தார்!

மாமா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் ஊர்த் தலையாரி விஷயம் தெரிந்தவர். "அந்த ஒரு கல்ல நம்பாதீங்க. அடுத்த புலத்துக் கல்லு ரெண்டு, மூணு ஊர் எல்லை கூடுற எடத்துல ஒரு கல்லு, மூணுலேருந்தும் அளக்கச் சொல்லுங்க" என்றார். ஊர் ஜனங்கள் இருபது பேர் கூடி நின்று, புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அப்படியே அளக்கச் செய்தார்கள். மூன்று கோடும் ஒரே இடத்தில் வந்து கூடின. அந்த இடம் கல் நின்ற இடத்திலிருந்து பதினோரு அடி தள்ளி இருந்தது. மண்வெட்டியால் கொத்தினால், சுற்றிலும் கெட்டித் தரை. நடுவில் மட்டும் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. பழைய குழி! பண்ணைக்காரர் அப்புறம் வாய் திறக்கவில்லை.

அன்று நான் கற்றது இதுதான். எந்தக் கல்லும் தனியாக நின்று தன் இடத்தைச் சொல்ல முடியாது. மற்றக் கற்கள்தான் அதன் இடத்தைச் சொல்லவேண்டும். ஒரு கல்லைப் பெயர்ப்பது சுலபம். ஊரில் உள்ள எல்லாக் கல்லையும் சேர்த்துப் பெயர்க்க எந்தப் பண்ணைக்காரராலும் முடியாது.

விஞ்ஞானிகளும் கடைசியில் அந்தத் தலையாரி சொன்ன வழிக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். வானத்தில் திசை அளக்க இன்று அவர்கள் ஒரு நட்சத்திரத்தை நம்புவதில்லை. பல கோடி ஒளியாண்டுக்கு அப்பால், நகர்ச்சியே தெரியாத தூரத்தில் உள்ள குவாசர் என்ற ஒளிமூலங்களை எடுத்துக்கொண்டார்கள். 2019 முதல் நடப்பில் உள்ள கணக்கில் அப்படி 303 எல்லைக்கற்கள். ஒன்று பிசகினால் மற்றவை காட்டிக்கொடுக்கும்.

உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். செக்குபந்தி என்று எழுதியிருக்கும். இன்னார் மனைக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு வடக்கு என்று இருக்கும். அந்த இன்னார் பத்திரத்தைப் பார்த்தால் அதில் உங்கள் பெயர் இருக்கும். அவர் இடத்துக்கு நீங்கள் சாட்சி. உங்கள் இடத்துக்கு அவர் சாட்சி. இந்தத் தொண்டூர்ப் பாறையிலே சமண முனிவர்களுக்குக் கற்படுக்கை வெட்டி, சுமார் 1,700 வருஷத்துக்கு முன் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். அதில் அகழூர் என்ற ஊரின் பெயர் வருகிறது. அகலூர் இன்றும் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. பாறை எத்தனையோ கோடி மைல் ஓடிவிட்டது. ராஜ்யங்கள் எத்தனையோ வந்து போய்விட்டன. இந்தப் பாறைக்கும் அந்த ஊருக்கும் உள்ள உறவு மட்டும் அழியவில்லை.

அம்மாவுக்குப் பதில்

அம்மா, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். உங்கள் கல் வெளியில் நிற்கவில்லை, ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அதோடு உங்கள் வீடும், பக்கத்துக் கொல்லையும், ஊரும் சேர்ந்தே ஓடுகின்றன. அதனால் உங்கள் மூன்று சென்டில் ஒரு விரற்கடை குறையாது. குறைகிறதென்றால் பூமி சுழன்றதால் அல்ல; ராத்திரியில் கடப்பாரை பிடித்த கையால்.

"கல் எங்கே இருந்ததென்று யாருக்குத் தெரியும்?" என்று அவர் கேட்டால், "மற்றக் கற்களுக்குத் தெரியும்" என்று சொல்லுங்கள். பட்டாவையும் புலப்படத்தின் நகலையும் வாங்கி வையுங்கள். 1923-ம் வருஷத்துச் சர்வே, எல்லைகள் சட்டப்படி எல்லையை அளந்து காட்டக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கையிலுள்ள போன் காட்டும் புள்ளியை நம்பி வேலி போடாதீர்கள். அது சில மீட்டர் பிசகும், மூன்று சென்ட் மனையில் அது பெரிய பிசகு. அளக்கும் நாளில் தனியாக நிற்காதீர்கள். பக்கத்து மனைக்காரர்களை அழைத்துக்கொள்ளுங்கள். சங்கிலி கீழே விழுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்தக் கல்லிலிருந்து அளக்கிறீர்கள்?"

அடுத்த வாரம் அளவு வைக்கப்போவதாக அந்த அம்மா சொன்னார். இங்கேயிருந்து நாலு பேர் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.